படத்தில் இருப்பது வேகமானி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில், தர்மபுரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் இரண்டு மாணவிகள் அட்டையில் செய்து வைத்திருந்த விமானி அறையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். பார்த்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் படத்துக்குக் கீழே, அந்தப் பிள்ளை விரல் வைத்துக் காட்டுகிற இடதுபக்க வட்டத்தை 'விமானம் எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது என்பதைக் காட்டும் கருவி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது வேகமானி. உயரமானி வலதுபக்கம் இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம், பயணிகள் விமானத்தில் உயரத்தைப் பெரும்பாலும் அடியில்தான் சொல்வார்கள், வேகத்தை நாட் கணக்கில். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று தோன்றலாம். நான் ஓசூரில் ஒரு டூல் ரூமில் (அச்சும் கருவியும் செய்கிற பட்டறை) வேலை பார்க்கிறேன், ஐந்து வருடமாக வீட்டு மாடி அறையில், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டருக்காக ஏர்பஸ் ஏ320 விமானத்தின் கருவிப் பலகையை அசல் அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எந்தக் கருவி எந்தப் பக்கம் என்பதை என்னால் சும்மா விட முடியவில்லை. வேகம் இடது, விமானம் சாய்கிறதா நிமிர்கிறதா என்று காட்டுவது நடு, உயரம் வலது, திசை கீழே: இந்த வரிசையைப் பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1987-ல் முதன்முதலாகப் பறந்த ஏ320-ல் ஊசி டயல்களுக்குப் பதில் ஆறு திரைகள் வந்தன, ஆனால் விமானிக்கு நேர் எதிரே உள்ள திரைக்குள்ளும் இதே வரிசைதான். சின்னப் பயிற்சி விமானத்தில் கற்றவர் கண் பெரிய விமானத்திலும் அதே இடத்துக்குத்தான் போகும். அந்த மாணவிகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல், படங்களைப் பார்த்தே இதைப் பிடித்திருக்கிறார்கள், அதை நாம் தப்பாக அச்சிட்டால் அடுத்து செய்கிற பிள்ளை மாற்றி ஒட்டும்.

செய்தியில் 'அட்டைப் பொம்மை' என்றும் எழுதியிருந்தீர்கள். பலகை செய்கிற எல்லோருக்கும் முதல் வேலை அட்டைதான். நானும் அசல் அளவுக்கு அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் அக்ரிலிக்கைத் தொடுவேன். ஆரம்பத்தில் அந்தப் பொறுமை இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தின் மேல் கோடு போட்டு அளவெடுத்து, நேராக லேசர் கட்டிங்குக்குக் கொடுத்தேன். அந்தப் புகைப்படம் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து எடுத்தது, ஒரு ஓரம் சுருங்கி, மறு ஓரம் விரிந்து இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பலகை வந்ததும் ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் குறைச்சல், திரை உட்காரவே இல்லை. டூல் ரூமில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு வெர்னியரும் மைக்ரோமீட்டருமாக நிற்கிற நான் வீட்டில் புகைப்படத்தை நம்பியது தப்பு. இப்போது தெரிந்த ஓர் அளவில் இருந்துதான் தொடங்குவேன். சின்ன விமானத்தின் வட்டக் கருவிக்கான ஓட்டை மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 79 மில்லிமீட்டர் சொச்சம். பெரிய விமானத்தில் இரு விமானிகளுக்கும் நடுவே இருக்கிற கருவிப் பெட்டிகள் 146 மில்லிமீட்டர் அகலம், அவற்றின் நீளம் எட்டில் மூன்று அங்குலத்தின் மடங்காகப் போகும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம். அளவுக்கு முன்னால் கண் எங்கே இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். அசல் ஏ320-ல் நடுக் கண்ணாடிச் சட்டத்தில் சின்ன உருண்டைகள் வைத்திருக்கிறார்கள், அவை ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி விமானி தன் இருக்கையை ஏற்றி இறக்கிக்கொள்வார். பலகையின் உயரமும் சாய்வும் அந்தக் கண்ணுக்காகத்தான்.

இப்போது உருவத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். சக்கரத்தை இறக்குகிற லீவரின் முனை சக்கரம் மாதிரியே இருக்கும், இறக்கையின் பின்மடிப்பை (ஃபிளாப்) இறக்குகிற லீவரின் முனை அந்த மடிப்பு மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, சில விமானிகள் பின்மடிப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள், விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் கண்டுபிடித்தார். ஒன்றில் ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் வைக்கச் சொன்னார், விரலே வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்கு அந்த உருவங்கள் விதியாகவே இருக்கின்றன. வீட்டில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இரண்டுக்கும் ஒரே உருண்டைப் பிடியைப் போட்டுவிடுகிறார்கள், கடையில் கிடைப்பது அதுதான் என்பதால். தயவுசெய்து போடாதீர்கள். தச்சரிடம் ஒரு மரத்துண்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சக்கரம் கடைந்து கொடுப்பார்.

அசலைப் போலத் தெரிவது பாதி, அசலைப் போல நடந்துகொள்வது மீதி. ஏ320-ன் கண்ணாடிக்குக் கீழே வேகம், திசை, உயரம், ஏறும் வேகம் என்று நாலு திருகுகள் உண்டு. திருகினால் எண் மாறும், ஏறும் வேகம் தவிர மற்ற மூன்றையும் அழுத்தினால் 'கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று பொருள், எதையும் வெளியே இழுத்தால் 'நான் சொன்ன எண்ணைப் பிடி' என்று பொருள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற மலிவான என்கோடர் (திருகுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற பாகம்) திருகும், அழுந்தும், இழுக்க வராது. நான் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு மைக்ரோ சுவிட்சும் வைத்துச் சரிக்கட்டினேன், அதற்கு மூன்று மாதம் ஆனது. எண் தாவித் தாவி ஓடினால் பயப்பட வேண்டாம், தொடுமுனை அதிர்வதால் வருவது அது, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுவிட்ச் நிறைய என்றால் எட்டுக்கு எட்டாகக் கட்டம் கட்டிக் கோர்த்தால் பதினாறு கம்பியில் 64 சுவிட்சைப் படிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் விடுகிற பாகம்) மட்டும் மறக்கக் கூடாது. தொடங்குவதற்கு, சுவிட்சுகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு ஒன்று, மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள் ஒன்று, போதும்.

விளக்கு விஷயத்திலும் இதே கதை. படத்துக்காக எல்லா விளக்கையும் எரியவிடுகிறார்கள், பார்க்கத் தீபாவளி மாதிரி இருக்கிறது. ஏ320-ன் தலைக்கு மேல் பலகையில் எல்லாம் சரியாக இருந்தால் பொத்தான்கள் இருட்டாகத்தான் இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் நிறைய எரியும், விமானி ஒவ்வொன்றாக வேலையை முடிக்க முடிக்க அணைந்துகொண்டே வரும். மஞ்சள் எரிந்தால் ஏதோ கோளாறு, சிவப்பு என்றால் உடனே கவனி. எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற மெல்லிய வெளிச்சம் இதில் சேராது, அதற்கு வெள்ளை அக்ரிலிக் மேல் சாம்பல் நீலப் பெயின்ட் அடித்து எழுத்தை மட்டும் லேசரில் சுரண்டி, பின்னால் எல்.இ.டி. வைப்போம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், என் அக்கா மகன் கேட்டது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளி தனியார் ஓடுதளத்தில் சிமுலேட்டர் விமானத்தை நிறுத்தினால், தரையில் நிற்கும்போதே உயரமானி கிட்டத்தட்ட 3000 அடி காட்டும். பழுது இல்லை, ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து அவ்வளவு உயரம். உயரமானி என்பது காற்றழுத்தத்தை அளக்கிற கருவி, அன்றைய அழுத்தத்தை அதில் திருகி வைக்க வேண்டும், ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) தப்பினால் சுமார் 30 அடி தப்பும். அந்தச் சின்னத் திருகைப் பிள்ளைகளின் அட்டையில் காணோம், அதை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்த நாளில் இருந்து நம் பக்கம் நில விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பர்கூரிலும் தர்மபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஓசூர் முழுக்க லேசரும் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. இயந்திரமும் ஓடுகிறது. இப்படிப்பட்ட பலகை செய்ய வேண்டிய எல்லாக் கைவேலையும் நம் ஊரிலேயே இருக்கிறது. கல்லூரியில் இறுதி ஆண்டு புராஜெக்டாக ஒரு குழு எடுத்தால் வடிவமைப்பு, மின்னணு, மென்பொருள், மனிதக் கையும் கண்ணும் எப்படித் தப்பு செய்யும் என்கிற படிப்பு, நாலும் ஒரே மேஜையில் வந்துவிடும்.

படத்தின் கீழ் வந்த தவறைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். அந்த மாணவிகளுக்காக என்கோடர் நாலு, ஆர்டுயினோ போர்டு ஒன்று, என் ஏ320 வரைபடத்தின் அசல் அளவு அச்சு ஒரு சுருள் எடுத்து வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, அவர்களுடைய அட்டையிலேயே முதல் திருகை மாட்டிக் கொடுக்கிறேன். பள்ளியோடு பேச உங்கள் நிருபர் உதவ வேண்டும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி வாசகர்