குழாயை உடைப்பது மோட்டரின் பவர் அல்ல, ஓடும் நீரின் சடத்துவம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டங்களில் இறைப்புத் தொடங்கிவிடும். எல்போ கழன்றுவிட்டது, ஒட்டு விட்டுவிட்டது, ஃபுட்வால்வு (கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிமுனை வால்வு) உடைந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று ஹாட்வெயார் கடைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்குவதும் அப்போதுதான். கேட்டால் பெரும்பாலும் ஒரே விளக்கம் கிடைக்கும்: "மோட்டர் பவர் கூட, பைப் தாங்கேல்லை." அதை நம்பித் தடிப்பான குழாய் வாங்குகிறார்கள், அல்லது இரும்புக் குழாய்க்கு மாறுகிறார்கள். அடுத்த போகத்தில் அதே மூட்டோ அதற்கு அடுத்த மூட்டோ மறுபடி விடுகிறது. விளக்கம் பிழை என்பதால்தான் வைத்தியமும் பலிப்பதில்லை.

பம்பியிலிருந்து கடைசி வாய் வரை 100 மீற்றர் குழாய், உள்விட்டம் 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் நீர் 196 லீற்றர். செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 177 லீற்றராக, அது ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு சீமெந்துப் பைகளின் எடை முழுவதும் ஒரே கோட்டில் நகர்கிறது. இந்த நிலையில் போல் வால்வின் பிடியைச் சட்டென்று கால் வட்டம் திருப்பினால் என்ன நடக்கும்? வால்வோடு முட்டிய நீர் நின்றுவிடும். பின்னால் வரும் நீர் தன் சடத்துவத்தால், அதாவது ஓடுவது ஓடிக்கொண்டேயிருக்க முயலும் இயல்பால், தொடர்ந்து வந்து அதன்மேல் நெரியும். அந்த நெரிசல் ஓர் அமுக்க அலையாகப் பம்பியை நோக்கித் திரும்பி ஓடும்.

இந்த அமுக்கம் எவ்வளவு என்பதை ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் பரிசோதித்து 1898 இல் வெளியிட்டார். நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நிறுத்தப்பட்ட நீரின் வேகம் மூன்றையும் பெருக்கினால் போதும். பிவிசி குழாயில் இந்த அலை செக்கனுக்குச் சுமார் 400 மீற்றர் ஓடும். ஆகவே மேற்சொன்ன குழாயில் எழும் மேலதிக அமுக்கம் 600 கிலோபஸ்கால், அதாவது 6 பார். 61 மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து இறங்கும் அமுக்கத்துக்கு அது சமம். குழாயில் ஏற்கெனவே ஒன்றரை பார் இருந்தால் மொத்தம் ஏழரை. எமது சந்தையில் ரைப் 600 என்று விற்கப்படும் குழாய் 6 பார் வேலை அமுக்கத்துக்குச் செய்யப்பட்டது. புதுக் குழாய் ஒரே அடியில் வெடித்துவிடாது. ஆனால் ஒரு நாள் இறைப்பில் பாத்திக்குப் பாத்தி வால்வை மாற்றும்போதெல்லாம் இந்த அடி விழுகிறது. பசை சரியாகப் பிடிக்காத ஒட்டும் வெயிலில் கிடந்து உக்கிய எல்போவும் முதலில் போகும்.

எல்போ ஏன் முதலில் போகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. நீர் சீராக ஓடும்போது 90 பாகை வளைவில் அதன் உந்தமாற்றம் தரும் விசை வெறும் 6 நியூட்டன், அரைக்கிலோவுக்குச் சற்று மேல். ஏழரை பார் அமுக்கம் எழும் கணத்தில் அதே எல்போவை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 2,080 நியூட்டன், 210 கிலோவின் எடை. செம்பாட்டு மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டால் அது தாங்காது. எல்போவின் வெளிவளைவுக்கும் வெட்டாத கெட்டி மண்ணுக்கும் இடையில் ஒரு கொங்கிறீற் கட்டி வைக்கவேண்டும். தோட்டக் குழாய்களில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இரும்புக்கு மாறினால் தீருமா? இரும்புக் குழாய் விறைப்பானது. அதற்குள் அலை செக்கனுக்கு 1,300 மீற்றர் வரை ஓடும். அதே 1.5 மீற்றர் வேகத்தை அதே மாதிரி நிறுத்தினால் எழுவது 6 பார் அல்ல, 19 பாருக்கு மேல். இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த அடி பம்பியின் வார்ப்புக்கும் வால்வின் தட்டுக்கும் போய்ச் சேரும்.

மருந்து நேரத்தில் இருக்கிறது. அலை 100 மீற்றர் போய்த் திரும்ப அரைச் செக்கன் எடுக்கும். வால்வு அதற்குள் மூடினால் முழு அடியும் விழும். 5 செக்கன் எடுத்து நீரின் வேகத்தைச் சீராகக் குறைத்தால் மேலதிக அமுக்கம் 0.3 பார், வெறும் மூன்று மீற்றர் நீர்நிரல். இருபதில் ஒரு பங்கு. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் 'சீராக' என்பதில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட குழாயில் ஓட்டத்தைத் தடுப்பது பெரும்பாலும் குழாயின் உராய்வுதான். எனவே வால்வை முதல் பாதி மூடும்போது ஓட்டம் அவ்வளவாகக் குறையாது. உண்மையான நிறுத்தம் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் நடக்கிறது. கேற் வால்வென்றால் முதல் சுற்றுகளை விரைவாகத் திருகலாம், கடைசி இரண்டு சுற்றையும் ஆறுதலாகத் திருகவேண்டும். போல் வால்வின் பிடியைப் பாதி வரை கொண்டுவந்து, மிச்சத்தைப் பத்துச் செக்கனாவது எடுத்து மூடுங்கள். இதைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு: ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றும்போது அடுத்த வாயைத் திறந்த பிறகே இந்த வாயை மூடவேண்டும். பெரும்பாலானோர் நீர் வீணாகாமல் இருக்க முதலில் மூடிவிட்டுப் பிறகு நடந்துபோய்த் திறக்கிறார்கள். மிச்சமாகும் நாலு வாளி நீருக்கு ஒரு குழாயைப் பணயம் வைக்கிற வேலை அது.

மின்தடையின்போது வால்வில் கை வைக்க யாரும் இருப்பதில்லை. மின்சாரம் போனதும் சிறிய பம்பியின் சுழலி ஓரிரு செக்கனில் நின்றுவிடும். மேலே ஏறிக்கொண்டிருந்த நீர் வேகம் குறைந்து, நின்று, திரும்பி இறங்கத் தொடங்கும். ஒருவழி வால்வு அது திரும்புவதற்கு முன்னரே மூடியிருக்கவேண்டும். தட்டு ஊசலாடும் வகை வால்வில் தட்டு நீண்ட வில்லில் வந்து சேர்வதற்குள் நீர் பின்னோக்கி வேகம் பிடித்துவிடும். பிறகு தட்டு அறைந்து மூடும். வீடுகளில் மோட்டரை நிறுத்தியதும் குழாயில் 'டொம்' என்று கேட்பது இதுதான். அந்தச் சத்தத்தைக் குழாயில் காற்று என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் பூட்டிய ஒருவழி வால்வு, ஓட்டம் பூச்சியத்தை நெருங்கும்போதே மூடிவிடும். அதைப் பம்பியின் வெளியேற்று வாய்க்கு அருகில் பூட்டினால் ஃபுட்வால்வின்மேல் விழும் அடியும் தவிர்க்கப்படும். சிறு வீட்டுப் பம்பிக்கு இந்த ஒரு மாற்றமே பெரும்பாலும் போதும்.

எமது சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரால் இங்கே ஒரு கூடுதல் தொல்லை. கடின நீர் வால்வின் அச்சிலும் இருக்கையிலும் சுண்ணாம்புப் படிவை ஏற்றிவிடும். தட்டு இறுகி, மூடப் பிந்தும். புதிதாகப் பூட்டியபோது சத்தமில்லாதிருந்த வால்வு பிறகு சத்தம் போடத் தொடங்கினால் முதலில் கழற்றிப் பாருங்கள். பித்தளைப் பாகத்தை இரண்டு மணித்தியாலம் வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கழரும். இரவு முழுக்க விடவேண்டாம், பித்தளை அரிக்கும்.

மின்சாரம் திரும்பிய கையோடு பம்பியைப் போடுவதும் கேடு. ஃபுட்வால்வு கசிந்தால் குழாயின் மேற்பகுதி வெறுமையாகிக் காற்று நிரம்பியிருக்கும். புதிய நீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு தடையில்லாமல் ஓடிவந்து, காற்று முழுவதும் வெளியேறியதும் திடீரென முட்டும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வெளியேற்று வால்வைச் சற்றே திறந்த நிலையில் பம்பியைப் போட்டு, செக்கனுக்கு 0.3 மீற்றருக்கு மேற்படாமல் நிரப்பவேண்டும். நமது 100 மீற்றர் குழாய்க்கு அது ஐந்தரை நிமிடம். மேடான இடத்தில் ஒரு காற்று வால்வும் வேண்டும்.

மூடிய நிலைக்குத்துக் குழாய்த் துண்டைக் காற்றறையாகப் பூட்டும் வழக்கமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் காற்று மெல்ல மெல்ல நீரில் கரைந்துபோகும். மாதத்துக்கொரு முறை குழாயை வடித்துக் காற்றை நிரப்பாவிட்டால் அது வெறும் நீர் நிரம்பிய துண்டு.

"எங்கட அமுக்கமானி ஒரு நாளும் ரெண்டு பாருக்கு மேல காட்டேல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. மானியின் வளைகுழலுக்கும் பற்சில்லுக்கும் முள்ளுக்கும் சடத்துவம் இருக்கிறது. ஒரு செக்கனின் சிறு பின்னத்துக்குள் எழுந்து மறையும் அமுக்கத்தின் பின்னால் அவை ஓடிச் சேர்வதில்லை. அடி விழும், முள் சற்று நடுங்கும், அவ்வளவுதான்.

அந்த அடியைப் பார்க்க எல்லார் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. கைத்தொலைபேசியின் ஆர்முடுகல் (வேகமாற்ற) உணரிக்குள், நுண்ணிய சிலிக்கன் வில்களில் ஒரு சிறு திணிவு தொங்குகிறது. தொலைபேசி அசையும்போது அந்தத் திணிவு சடத்துவத்தால் பின்தங்கும். அதன் விளிம்பிலுள்ள சீப்புப் பற்களுக்கும் நிலையான பற்களுக்கும் இடையிலான கொள்ளளவம் மாறும், அந்த மாற்றம் ஆர்முடுகலாக வாசிக்கப்படும். நமது உட்காதின் அரைவட்டக் கால்வாய்களிலும் இதுவே நடக்கிறது. தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கி ஒரு கூழ்த்தடுப்பை வளைக்க, சுழற்சி உணரப்படுகிறது. நீரின் சடத்துவம் குழாயை உடைக்கிறது, சிலிக்கன் திணிவின் சடத்துவம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஜேர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலி இதற்குப் போதும். உயர்தர வகுப்புப் பௌதிகவியல் ஆசிரியர்கள் இதைச் செய்முறையாகவே வைக்கலாம். தாங்கியிலிருந்து இறங்கும் 40 மீற்றர் ஓரங்குல பிவிசி குழாயின் முனையில் போல் வால்வு பூட்டி, வால்வின் அருகே குழாயோடு ஒரு தட்டையான தகட்டை இறுக்கி, அதில் தொலைபேசியை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். உறையைக் கழற்றிவிடுங்கள். மென்மையான உறை வில்போல் வேலை செய்து துடிப்பை விழுங்கிவிடும். பத்து லீற்றர் வாளி நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும் அளவுக்கு நீரை ஓடவிட்டு, வால்வைச் சட்டென மூடுங்கள். வரைபில் துள்ளல்கள் வரிசையாக வரும். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையிலான நேரம் அலை போய்த் திரும்பும் நேரம். அது 0.2 செக்கனாக இருந்தால் 80 மீற்றரை 0.2 ஆல் வகுக்க, அலையின் வேகம் செக்கனுக்கு 400 மீற்றர். ஓட்டத்தை ஏன் அவ்வளவு குறைக்கச் சொல்கிறோம் என்றால், வேகம் கூடினால் அலை திரும்பும்போது அமுக்கம் ஏறக்குறைய வெற்றிட நிலைக்கு இறங்கி, நீர்நிரல் அறுந்து நீராவிக் குமிழி உண்டாகும். அது மறுபடி மூடும்வரை அடுத்த துள்ளல் பிந்தும், கணக்குப் பிழைக்கும்.

பம்பியின் அதிர்வைப் பார்க்கவும் இதே செயலி உதவும், ஒரு எச்சரிக்கையோடு. எமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இரு முனைவு மோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்றுச் சுற்றும், அதாவது 48 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 100 தடவை மட்டும் வாசிக்கும் தொலைபேசியால் அதன் அரைவாசியான 50 ஹேர்ட்ஸ் வரைதான் சரியாகப் பிடிக்கமுடியும் என்பதால் இதைத் தட்டுத்தடுமாறிப் பிடிக்கும். ஆனால் அதன் இரட்டிப்பான 96 ஹேர்ட்ஸ் அதிர்வை 4 ஹேர்ட்ஸ் என்று பொய்யாகக் காட்டும். அப்படி ஒரு மெதுவான ஆட்டம் தெரிந்தால் அத்திவாரத்தைக் கிளறவேண்டாம். 200 தடவை வாசிக்கும் தொலைபேசியில் மறுபடி பாருங்கள். 48 இல் உயரமான முனை வந்தால் சுழலி சமநிலை இழந்திருக்கலாம். கமராவில் படநிலைநிறுத்தி (படம் ஆடாமல் பிடிக்கும் பாகம்) உள்ள தொலைபேசியை ஒரு நிமிடத்துக்கு மேல் அதிரும் மோட்டரில் விடக்கூடாது, கடும் அதிர்வு அந்தப் பாகத்தைப் பழுதாக்கும்.

தோட்டங்களுக்கு மானியத்தில் தூவல் நீர்ப்பாசனமும் சொட்டு நீர்ப்பாசனமும் பொருத்தித்தரும் திணைக்களங்களிடமும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். கேள்விப்பத்திரத்தில் (ரெண்டரில்) குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் மட்டும் எழுதி விடுகிறீர்கள். குழாயில் நீரின் உச்ச வேகம், ஒருவழி வால்வின் வகை, காற்று வால்வு பூட்டும் இடம், வளைவுகளுக்கான கொங்கிறீற் கட்டி, ஒவ்வொரு வால்வையும் மூட எடுக்கவேண்டிய ஆகக்குறைந்த நேரம் ஆகியவையும் அதில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்ன நேரத்தை வால்வின் அருகிலேயே ஒரு தகட்டில் தமிழில் எழுதி மாட்டிவிடுங்கள். வால்வைத் திருப்பப்போகிறவர் கேள்விப்பத்திரத்தை வாசிக்கமாட்டார்.

இங்ஙனம்,
நீர்ப்பம்பித் தொழில்நுட்பவியலாளர்,
கோண்டாவில்.