நீலமும் பச்சையும்

அன்புள்ள நிலாவுக்கு,

அம்மா நலம், நானும் நலம். கண் டாக்டரிடம் போய் வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க இதை எழுதவில்லை.

உன் ரசிகர் குழுவில் நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். சரி, பொதுவாகவே சொல்கிறேன். திட்டுகிறவனுக்குப் பதில் எழுதாதே. அவன் பதிவை எடுத்துப் போட்டு மேலே நாலு வரி எழுதினால், அதைப் பார்க்காதவர்களுக்கும் நீயே கொண்டுபோய்க் காட்டுகிறாய். பதில் கூடக் கூடச் சண்டை இன்னும் பத்துப் பேர் கண்ணில் படும். பிளாக் செய்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொள்வான். மியூட் செய்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது, கத்திவிட்டுப் போவான். மிரட்டினால் மட்டும், அவன் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் செய். மற்றதற்கு வேண்டாம். பதில் எழுதாதே.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்கு வருகிறேன்.

நீலம் பச்சை கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொள், பரவாயில்லை. கி.பி. 532-இல் கான்ஸ்டான்டிநோபிளில், நீல அணி, பச்சை அணி என்று பிரிந்து நின்ற அந்தத் தேர்ப்பந்தய ரசிகர்கள் கலகம் செய்ததில் 30,000 பேர் செத்தார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் எழுதியதை நீயே ஒப்பிப்பாய். இப்போது எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை. எதற்கென்று தெரியாமலேயே உயிரைப் பணயம் வைக்கிறார்கள், சொந்தபந்தம்கூடப் பார்ப்பதில்லை என்று அதே ஆள் எழுதினாரே, அதுதான் வருகிறது. வகுப்பில் அந்த இடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.

படத்தொகுப்பு பற்றி நீ எழுதிய நீண்ட பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். உன் நாயகனைக் குறை சொல்லி அதில் ஒரே ஒரு வரி. அதற்கா இவ்வளவும்! அப்படி எழுதத் தெரிந்தவள் இரவு இரண்டு மணிக்கு முகம் தெரியாதவனோடு ஏனம்மா மல்லுக்கு நிற்கிறாய்? கேரம் ஆடும்போதும் கடைசி வார்த்தை உனக்கே வேண்டும். அது யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்காதே.

முகம் தெரியாது, எதிராளி கண்ணைப் பார்க்க வேண்டாம், பதிலும் உடனே வராது. அதனால்தான் மனிதர்கள் இணையத்தில் அவிழ்த்துவிட்டது போல் ஆகிறார்கள் என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இல் எழுதினார். நேற்றுத்தான் படித்தேன். ஒரு மாதம் முன்னால் படித்திருக்கலாம்.

மல்லிகைப்பூ படம் வைத்து, உனக்காகப் பரிந்து எழுதிய அந்த ஐடி நான்தான்.

முதல் பதிலை மரியாதையாகத்தான் எழுதினேன். அவன் உன்னைச் சொன்ன வார்த்தைக்கு இரண்டாவது. ஒன்பதாவது பதிலில் அவனைப் பெற்றவளை இழுத்துவிட்டேன். முப்பது வருடம் வகுப்பில் ஒரு பையனைக்கூட அப்படிப் பேசாத வாய். அதை வைத்துத்தான் நீயே ஃபேக் ஐடி வைத்து உனக்கு ஆதரவு தேடுகிறாய் என்றார்கள். அட்மின் உன்னை வெளியே போட்டதும் அதனால்தான். நீ இல்லை என்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. அதையும் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த ஐடியை அழித்தேன், அவ்வளவுதான். அழித்தது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அட்மினுக்கு என் பெயரிலேயே எழுதி ஒப்புக்கொள்கிறேன். எழுதி வைத்துவிட்டேன், அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் இன்னொன்று செய்ய மாட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்க மாட்டேன். அவள் எடுப்பாள், அவளோடு பேசு.

அப்பா