அந்தப் புரதத்தின் மேல் என்ன தப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோயும் கண்பார்வையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இடது கண்ணை மூடிக்கொண்டுதான் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் வி.இ.ஜி.எஃப். என்கிற புரதத்தைக் 'கண்ணைக் குருடாக்கும் வில்லன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதோடுதான் எனக்குச் சண்டை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, தினசரித் தாளில் ராகு காலம், எமகண்டம் போடும் கட்டத்தின் கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. பிளேட் சரியாக ஏறவில்லை என்று மெஷின்காரத் தம்பியைச் சத்தம் போட்டேன். அவன் பதில் பேசாமல் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தான். ஸ்கேலும் வளைந்து தெரிந்தது. அதற்கப்புறமும் புத்தி வரவில்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவரை மாற்றினேன். கடைசியாக விழித்திரை மருத்துவரிடம் போய், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்ததில், இடது விழித்திரையின் மையம் 412 மைக்ரான் தடிமனுக்கு வீங்கியிருந்தது. 300க்குள் இருக்க வேண்டுமாம்.

ஏன் வீங்குகிறது? வருடக்கணக்காக ஏறிக்கிடக்கும் சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் வராத திசு சும்மா இருக்குமா? ரத்தம் வேண்டும் என்று கூப்பாடு போடுகிறது. அந்தக் கூப்பாடுதான் வி.இ.ஜி.எஃப். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், ஆளாளுக்குக் குழி தோண்டி டியூப் மாட்டி இழுப்பார்கள். தண்ணீர் கொஞ்சம் வரும். ஆனால் இணைப்பெல்லாம் ஒழுகித் தெரு சேறாகும். கண்ணுக்குள்ளும் அதே கதைதான். பழைய குழாய் கசிகிறது, புதிதாக முளைக்கும் குழாயோ தொட்டால் உடைகிறது. இதில் தாகத்தின் மேல் பழி போட்டு என்ன பயன்?

இந்தப் புரதத்தை முதலில் கண்டுபிடித்ததே அதன் ஒழுகல் வேலையை வைத்துத்தான். 1983ல் பாஸ்டனில் செங்கர், டிவோராக் குழுவினர், கட்டியிலிருந்து வரும் ஏதோ ஒன்று ரத்தக்குழாயைக் கசியவைக்கிறது என்று சொன்னார்கள். 1989ல் ஜெனென்டெக் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் நெப்போலியோன் ஃபெராரா ரத்தக்குழாயை வளர்க்கும் ஒரு காரணியைப் பிரித்தெடுத்து வி.இ.ஜி.எஃப். என்று பெயர் வைத்தார். பார்த்தால் இரண்டும் ஒன்றே. 1996ல் எலிகளில் இதற்கான இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் கருவிலேயே இறந்தன. பாதி குறைந்தாலே உயிர் தங்காத பொருளை வில்லன் என்கிறோம்!

பெரியவர்களுக்கும் இது வேண்டும். நடக்கும்போது காலின் தசையில் சுரந்து புதுக் குழாய் போட்டுக்கொடுப்பது இதுதான். வேடிக்கை என்னவென்றால், என்னைப் போன்ற சர்க்கரைக்காரனுக்குக் கண்ணில் இது கூடிப்போகிறது. காலில் புண் வந்தால் அங்கே போதாமல் போகிறது, புண் ஆறாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே உடம்பு, ஒரே புரதம்.

கர்ப்பிணிகள் விஷயத்தையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். என் தங்கை மகளுக்கு ஏழாம் மாதத்தில் கால் வீங்கி, பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போனது. அப்போது தேடிப் படித்ததில் தெரிந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமாஞ்சி அமெரிக்காவில் செய்த ஆய்வு. அவர் குழு 2003ல் வெளியிட்டதன்படி, இந்த நிலையில் நச்சுக்கொடி ஒரு பொருளை அளவுக்கு மேல் ரத்தத்தில் கலக்கிறது, அது வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு அந்தப் புரதம் தினமும் வேண்டும். கிடைக்காவிட்டால் அது ஒழுகத் தொடங்குகிறது. இதே புரதத்தைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைப் புற்றுநோய்க்கு ஏற்றும்போது சிலருக்கு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போவதும் இதனால்தான்.

அந்தப் பெவசிசுமாப்தான் எனக்கும். 2004ல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. பெரிய குப்பியிலிருந்து கிருமியில்லாத இடத்தில் சின்னச் சின்ன சிரிஞ்சாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள். கண்ணுக்கென்றே தயாரான மருந்துகளை விட விலை பல மடங்கு குறைவு. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கு வேறு மருந்தை முதலில் யோசிப்பார்களாம். ஆனால் கட்டுரையில் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறைதான். படிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தானே?

கண்ணுக்குள் ஊசி என்றதும் எனக்குக் கை நடுங்கியது. மரத்துப்போகச் சொட்டு மருந்து, பழுப்பு நிற அயோடின், இமை மூடாமல் ஒரு கிளிப். "மேலே பாருங்க ஐயா" என்றார் மருத்துவர். ஓர் அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே போனது 0.05 மில்லி. அன்று ராத்திரி வரை ஒரு கறுப்புக் குமிழி கண்ணுக்குள் தளும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வீக்கம் 310க்கு இறங்கியது. கோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது.

வில்லன் என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பைண்டிங் பிரிவில் ஒருவர் இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டார். "அதான் ஊசி போட்டுக் கொன்னாச்சே" என்றார். மருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். சர்க்கரை 300க்கு மேலேயே நின்றது, விழித்திரை பழையபடி கூப்பிட்டது. எட்டு மாதம் கழித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டித்தான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எனக்கு அடுத்த ஊசி வரும் 18ஆம் தேதி. அப்புறம் ஒன்று, தொழில் புத்தி விடவில்லை: அந்தக் கட்டுரையில் 'விழித்திரை' மூன்று இடங்களில் 'விழிதிரை' என்று அச்சாகியிருக்கிறது. அதை வலது கண்ணால் பிடித்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகாசி