அம்மாவின் கண் நோய்க்குப் பெயர் கண்டுபிடித்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவுக்கு முதலில் வலது கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரிந்தது. ஊரில் காட்டியபோது கண்ணுக்குள் அழற்சி, யுவியைட்டிஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் தெளியும், குறைத்தால் மறுபடி மங்கும். இப்படியே எட்டு மாதம் போனது. அவர்கள் மேல் வருத்தமில்லை. இந்த நோய் அழற்சி மாதிரியே வேஷம் போடும், ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் அடங்கியும் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம்.

சென்னை விழித்திரை மருத்துவர் ஐயா, ஸ்கேனில் தெரிந்த மஞ்சள் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது என்னன்னு எனக்கு உறுதியாத் தெரியலம்மா, எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றீர்கள். அந்த நேர்மைக்குத்தான் முதல் நன்றி. தேடுகிற செல்களையே ஸ்டீராய்டு அழித்துவிடும் என்று அதை முதலில் நிறுத்தினீர்கள். கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துச் சோதித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. விழித்திரையிலேயே சதை எடுக்க வேண்டும் என்றதும் அம்மா நடுங்கிப்போனார். கால் மில்லிமீட்டர் கனம்தான், வெட்டினால் திரும்ப வளராது. நீங்கள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள்: நடுப்பார்வைக்குத் தள்ளி, மேல்பக்கம் எடுப்போம், சுற்றிலும் லேசரால் கரை கட்டுவோம், உள்ளே நிரப்பும் வாயு மேலே ஏறி அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் கசியலாம், விழித்திரை பிரியலாம் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா சம்மதித்தது அதனால்தான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டப்பாவோடு காத்திருந்த ஆய்வகத் தம்பிக்கு நன்றி. எடுத்த செல்கள் சீக்கிரம் சிதைந்துவிடுமாமே! நீங்கள் படியில் ஓட்டமாக இறங்கியதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரிசி மணியைவிடச் சிறிய அந்தத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, 'பெரிய பி செல் லிம்போமா', அதாவது வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்றுநோய், என்று எழுதிய நோயியல் மருத்துவர் அம்மா, உங்களை நாங்கள் பார்த்ததே இல்லை. இந்த நோய் மூளைக்கும் போகக்கூடியது என்பதால் உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் சரியான வைத்தியமே தொடங்கியது.

வாயு கரைந்தபின் கண்ணுக்குள் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, ஒவ்வொரு தடவையும் 400 மைக்ரோகிராம். முதல் மாதம் வாரத்துக்கு 2 முறை. ஒவ்வொரு முறையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்கும், புற்றுநோய் மருத்துவருக்கும் நன்றி. எங்கள் மாடியில் முன்பு குடியிருந்த அக்காவும் மாமாவும் கோடம்பாக்கத்தில் தங்கள் அறையையே எங்களுக்கு விட்டுவிட்டு ஹாலில் படுத்தார்கள். வாடகைப் பேச்சை எடுத்ததற்கு அக்கா இன்னும் கோபமாக இருக்கிறார். மூன்று மாதம் எங்கள் மாட்டுக்குத் தீவனம் வைத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை எப்படி மறப்பேன்?

போன வாரம் எடுத்த ஸ்கேனில் திட்டுகள் இல்லை. வீட்டுக்கு வந்ததும், "யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?" என்று அம்மா கேட்டார். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அடியில் இருந்த உங்கள் பெயரை, மருத்துவர் அம்மா, வலது கண்ணால் எழுத்துக் கூட்டி அவரே படித்தார்.

இப்படிக்கு,
மகள்,
விருத்தாசலம்