சித்த வைத்தியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மூத்த வைத்தியர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். கட்டைவிரல் மட்டும் தூக்காமல் படித்தும் பார்க்க வேண்டுகிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சேராததால் சில தள்ளிப்போயின. காய்ச்சல் பருவத்தில் பேருந்து நிலையத்தில் நிலவேம்புக் குடிநீர் வழங்கினோம். மார்கழி ஆயில்யத்தில் அகத்தியர் பிறந்த நாளைச் சித்தர் தினமாகக் கொண்டாடினோம். பழனிப் பயணத்துக்கு வேன் நிறைந்து, இடம் கிடைக்காத சிலர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள். சித்தர் போகர் ஒன்பது பாடாணங்களை, அதாவது நச்சுச் சரக்குகளை, இறுக்கிக் கட்டிச் செய்ததாக நாம் பெருமை பேசும் முருகன் சிலையைப் பார்க்க அத்தனை பேர். மருந்தை அகலில் மூடி வறட்டித் தீயில் சுட்டெடுக்கச் சங்கம் வெட்டிய புடக்குழியை எட்டிப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இனிச் சொல்கிறேன்.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் பொதுப் புடக்குழி வெட்டுவதென்று போன பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். அதை நான் முன்மொழிந்ததற்குக் காரணம் உண்டு. இன்று நம்மில் பலர் சுட்டெடுத்த சிவப்புப் பொடியான செந்தூரத்தையும் வெள்ளைப் பொடியான பற்பத்தையும் மொத்தமாக வாங்கிப் பொட்டலம் மடிக்கிறோம். யார் அரைத்தார்கள், எந்தச் சாறு விட்டார்கள், எத்தனை புடம் போட்டார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. பதிவு பெற்ற வைத்தியர் தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கலாம் என்று சட்டம் இன்னும் இடம் தருகிறது. வெளியில் விற்பதற்குத்தான் உற்பத்தி உரிமம் வேண்டும். அந்த உரிமையை நாம் பயன்படுத்தாமலே விட்டால் ஒருநாள் அது போய்விடும். அப்போது கொடி பிடித்துப் பயனில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2004இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதைக் காட்டி யாராவது கேட்டால் "நாங்கள் நச்சு நீக்கிச் சுத்தி செய்கிறோம்" என்று சொல்கிறோம். சுத்தி செய்பவர் சொன்னால் சரி. ரசத்தை, அதாவது பாதரசத்தை, செங்கல் தூளிலும் மஞ்சள் தூளிலும் அரைத்து, குப்பைமேனிச் சாற்றில் வேகவைத்து எடுப்பதை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? முறையாகச் சுத்தி செய்தாலும் அதில் இருப்பது பாதரசம்தான்; அளவும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், நெய் போன்றவை) தவறினால் அது யாரையும் விடாது. இதைச் சொன்னதற்காக ஒரு மூத்த உறுப்பினர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பொதுக் குழியில் ரசமும் பாடாணமும் வேண்டாம், இரும்புச் சரக்கும் சங்கு, சிப்பியும் போதும் என்று செயற்குழு முடிவெடுத்தபோது, "ரசம் இல்லாத புடக்குழி எதற்கு?" என்று கேட்டவரும் அவரே. சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன. சூடு பட்டால் ரசம் ஆவியாகிவிடும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் புடமாக, இரும்பு உப்பான அன்னபேதியில் செந்தூரம் போட்டோம். அரைக்க வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்கென்று கல்யாணமும் காதுகுத்தும் வந்துவிட்டன. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து வந்த இளம் மருத்துவர் ஒருவரும், சங்கக் காவலாளியும், நானும் மாற்றி மாற்றிக் கல்வம் என்ற மருந்தரைக்கும் குழிக்கல்லில் அரைத்தோம். பச்சை உப்பாக இருந்த அன்னபேதி, எலுமிச்சைச் சாறு விட்டு அரைக்க அரைக்க வெளிறி மெழுகு பதத்துக்கு வந்தது. வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் அடுக்கி, மேலகல் மூடி, மண் குழைத்த துணியை ஏழு சுற்றுச் சுற்றிச் சீலைமண் செய்து உலர்த்தினோம். தீயின் அளவைப் பொறுத்துக் கோழிப்புடத்துக்குப் பத்து வறட்டி, பன்றிப்புடத்துக்கு ஐம்பது, கசபுடத்துக்கு ஆயிரம் என்று வாய்ப்பாடு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் கையகல வறட்டியா, தட்டகல வறட்டியா, அதில் ஈரம் எவ்வளவு என்பது குழிக்குள் இறங்கினால்தான் புரியும். ஐம்பது அடுக்கித் தீ வைத்தோம்.

தானாக ஆறவிட்டு மறுநாள் காலையில் அகலைப் பிரித்தபோது நடு வில்லைகள் நல்ல சிவப்பு. ஓரத்தில் இருந்தவை காவி கலந்த பழுப்பு. ஒரு பக்கம் சீலைமண் விரிசல் விட்டிருந்தது. தீ மிஞ்சினால் கறுத்துவிடும், குறைந்தால் இப்படி நிற்கும். ஓரத்து வில்லைகளைத் திரும்பச் சாறு விட்டு அரைத்து இரண்டாம் புடம் போட்டோம். பொடித்ததை விரலில் தேய்த்தால் ரேகைக்குள் போய் உட்கார்ந்தது; நீரில் தூவினால் மிதந்தது. இவை பொடியின் நுண்மையைச் சொல்லும், ஈயம் கலந்திருக்கிறதா என்று சொல்லாது. அதனால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். அறிக்கை அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் இதுவரை கேட்கவில்லை. செந்தூரத்தில் பங்கு கேட்டுத்தான் போன் வந்தது, அதுவும் கல்யாணத்துக்குப் போனவர்களிடமிருந்து.

மூக்கை அரிக்கும் புகை வந்ததாக அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தது உண்மை. அன்னபேதி சுடும்போது கந்தக வாடை வரத்தான் செய்யும். நேரில் போய்ப் பேசினேன். புகைக்கூண்டு கட்டும்வரை அடுத்த புடம் இல்லை என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. குழி, கொட்டகை, ஆய்வுக் கட்டணம் ஆகியவையே பெரிய செலவுகள். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. சந்தாவைப் பொறுத்தவரை, பற்பத்துக்கு நூறாண்டு, செந்தூரத்துக்கு எழுபத்தைந்தாண்டு ஆயுள் என்று நூல் சொல்கிறது. பாக்கிச் சந்தாவுக்கும் அதே கணக்கு என்று சிலர் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவர், துணைத்தலைவர், தணிக்கையாளர், மண்டபம் தந்தவர், மைக் செட்காரர் அனைவருக்கும் நன்றி. கல்வத்தைவிட்டு நகராத அந்த இளம் மருத்துவருக்குத் தனியாக நன்றி. அவரை அடுத்த செயற்குழுவில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த ஆண்டு சங்குப் பற்பம் போடலாம் என்ற எண்ணம் இருக்கிறது. யார் செயலாளராக இருந்தாலும் சரி. நான்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சாவியையும் கல்வத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் புகைக்கூண்டு எழும்பியாக வேண்டும், கொத்தனார் முன்பணம் கேட்கிறார். நன்கொடை நோட்டும் சந்தா ரசீதுப் புத்தகமும் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில்தான் அந்த மேசையைப் போடச் சொல்லியிருக்கிறேன்.