புக்கரெஸ்ட்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? இங்கே குளிர் குறைந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய சாம்பார்பொடி இன்னும் பாதி இருக்கிறது.

"அந்த ஊரில் இப்போது பெரிய எழுத்தாளர் யார்?" என்று போனில் கேட்டாய். வேலை அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. மிர்ச்சா கர்த்தரெஸ்கு என்று ஒருவர். 1956இல் இதே ஊரில் பிறந்தவர். நான் குடியிருக்கும் கொலெந்தினா பகுதியில்தான் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருக்கிறார். 2015இல் வந்த 'சொலெனாய்டு' நாவலில் கதை சொல்பவரும் இந்தப் பக்கத்து வாத்தியார்தான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2024இல் டப்ளின் இலக்கியப் பரிசு கிடைத்தது. அக்டோபர் மாதம் நோபல் பேச்சு வந்தால் அவர் பெயரும் அடிபடும். 2009இல் நோபல் வாங்கிய ஹெர்த்தா முல்லர் இந்த ருமேனியாவில் பிறந்தவர்தான், ஆனால் எழுதுவது ஜெர்மனில். ருமேனிய மொழியில் எழுதிய யாருக்கும் அது இன்னும் வரவில்லை. இவருக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

சமையல்கட்டில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் கர்த்தரெஸ்குவைப் பற்றிக் கேட்டேன். கால்பந்து வீரர் ஹாஜி என்றால் போதும், 1994 உலகக் கோப்பையில் இந்த நாட்டு அணி காலிறுதி வரை போன கதையை ஆளுக்கொரு பக்கம் சொல்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாதியா கொமனேச் 14 வயதில் மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் 10க்கு 10 வாங்கியது எல்லோருக்கும் தெரியும். கர்த்தரெஸ்கு என்றதும் பேச்சு நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும் பெண் மட்டும், "எங்க அம்மாகிட்ட அவர் புத்தகம் இருக்கு" என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தாள். 'பெண்களை நாம் ஏன் நேசிக்கிறோம்', 2004இல் வந்த சின்னப் புத்தகம், இங்கே நன்றாக விற்றதாம். அட்டை ஓரம் மடங்கி, உள்ளே ஒரு பக்கத்தில் காபிக் கறை. பின்னட்டையில் விலை இந்த ஊர்ப் பணமான லெய்யில், பழைய கணக்கில் இருந்தது. அப்போது பணத்துக்கு நான்கு பூஜ்யம் கூடுதல், 2005இல்தான் எடுத்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். பெரிய நாவலுக்கு எப்போது போவேனோ!

அப்புறம் ஒன்று, அக்கா. எழுத்தாளர்களை மதிக்காத ஊர் என்று நினைத்துவிடாதே. இங்கே பெரிய நோட்டுகள் மூன்றிலும் எழுத்தாளர்கள்தான்: 100 லெய்யில் நாடகாசிரியர் கராஜியாலே, 200இல் கவிஞர் பிளாகா, 500இல் எமினெஸ்கு. எமினெஸ்கு 1889இல் இறந்துபோனவர், ஆனாலும் எங்கள் வீட்டுக்கார அம்மா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் கவிதையை மனப்பாடமாகச் சொல்கிறார். உயிரோடு இருக்கிறவரைத்தான் இன்னும் அந்த அளவுக்கு வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அது எனக்கு மனக்குறைதான்.

உன் பள்ளி நூலகத்தில் ஆங்கில 'சொலெனாய்டு' வாங்கச் சொல்லிப் பார். நீ முதலில் முடித்துவிட்டால் கதையை மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா முழங்காலுக்குத் தைலம் தவறாமல் தேய்க்கட்டும். பணம் 5ஆம் தேதி அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி