மீனாவுக்கு, உன் பாடத்திட்டம் பற்றி

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்ததும் மனசு நிறைந்துபோனது. பெயர் வைத்தாயிற்றா? இங்கே முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

வளரிளம் பெண்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு வகுப்புகளுக்கு நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்ற பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் "செய்யாதே, போகாதே, பழகாதே" என்றே ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மேற்குக் கென்யாவில் 2004-ல் பாஸ்கலின் டுபா என்ற பொருளாதார அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். எட்டாம் வகுப்புப் பெண்களிடம் 40 நிமிடப் பேச்சு, ஒரு சிறு வீடியோ, அவ்வளவுதான். எந்த வயது ஆண்களிடம் எச்.ஐ.வி. எவ்வளவு என்ற கணக்கை அப்படியே சொன்னார்கள். பரிசும் பணமும் தந்து நெருங்கும் வயதில் மூத்த ஆண்களிடம்தான் ஆபத்து பல மடங்கு என்பது அந்தப் பெண்களுக்கு அதுவரை தெரியாது. அடுத்த ஓராண்டில் பதின்வயதுக் கர்ப்பங்கள் 28 சதவீதம் குறைந்தன. பாதுகாப்பற்ற உறவு குறைந்ததற்கு அதுவே அடையாளம். அதே ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய, திருமணம் வரை விலகியிருக்கச் சொல்லும் அரசுப் பாடத்தால் கர்ப்பங்கள் குறையவில்லை. ஆக, அந்த வயதுப் பெண்ணுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தகவல் கையில் இருந்தால் அவளே கணக்குப் போடுவாள்.

அதற்காகப் பேச்சு மட்டும் போதும் என்று சொல்லவரவில்லை. அந்த ஆளின் பணம் இல்லாமல் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது என்றால், அவளுக்கு எல்லாம் தெரிந்தும் என்ன பயன்? மலாவியின் சோம்பா மாவட்டத்தில் பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாமாதம் சிறு தொகை கொடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து, தொகை பெற்ற மாணவிகளில் எச்.ஐ.வி. இருந்தவர்கள் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 3 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் இதேபோன்ற முயற்சி தொற்றைக் குறைக்கவில்லை. அங்கே ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஏற்கெனவே பள்ளியில்தான் இருந்தார்கள், பணம் கொடுத்துப் பள்ளிக்கு வரவைக்கத் தேவை அதிகம் இல்லை. ஓரிடத்தில் பலித்ததை இன்னோர் இடத்தில் அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பதை உன் மேலதிகாரிகளிடமும் சொல்லிவை. அவர்களுக்கு ஒரே அச்சு எல்லா ஊருக்கும் வேண்டும்.

அப்புறம், வரைவில் நீ வைத்திருக்கும் அந்த மண்டையோட்டுப் படத்தை எடுத்துவிடு. தயவுசெய்து. உன் வகுப்பிலேயே பிறவியிலிருந்து தொற்றுடன் வளர்ந்து, தினமும் யாருக்கும் தெரியாமல் மாத்திரை போடும் ஒரு பெண் இருக்கலாம். "எய்ட்ஸ் என்றால் மரணம்" என்று நீ சொல்லும்போது அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இதை முதல் வகுப்பிலேயே சொல். பயமுறுத்தினால் மற்ற பெண்களும் பரிசோதனைப் பக்கமே வரமாட்டார்கள்.

ஆணுறை பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய், போதாது. எப்படிப் பயன்படுத்துவது, அவன் மறுத்தால் என்ன சொல்வது என்று நடித்தே காட்ட வை. வெட்கச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தடுப்பு மருந்துகளையும் சேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. தினமும் போடும் தடுப்பு மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை, யோசித்துப் பார்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்பதை உங்கள் சட்டத்தில் பார்த்து எழுது. பெண்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். திருத்திய வரைவை அனுப்பு, ஓரத்தில் சிவப்பு மையில் கிறுக்கித் தருகிறேன். பேத்தி படத்தையும் மறக்காமல் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
கலா